கம்பம் தூக்காக நிற்கட்டும்: யாழ்ப்பாணத்தில் சற்றலைற் டிஷ் நீங்களே பூட்டுவது எப்படி

நான் முதன்முதலாகப் பூட்டிய டிஷ் மூன்று நாள் வேலை செய்தது. நாலாம் நாள் பின்னேரம் சோழகக் காற்றுத் தூக்கி அடிக்கத் தொடங்க, படம் சதுரம் சதுரமாக உடைந்தது. பிறகு வெறும் நீலத் திரைதான். ஏறிப் பார்த்தேன். டிஷ்ஷின் நட்டுகள் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆடியது கம்பம். பழைய மதிலின் மேல்வரிக் கல்லில் இரண்டு றோல் பிளக் அடித்து அதை நிறுத்தியிருந்தேன். கல்லுக்குள் இருந்தது பொருக்காய்ப் போன சுண்ணாம்புச் சாந்து. கையால் தள்ளினாலே கம்பம் தலையாட்டியது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு, அயல் வீடு என்று பல டிஷ் பூட்டியாயிற்று. திசை தெரியவில்லை என்று தொடங்கி, இரண்டு நாள் கூரையில் நின்று வெயில் காய்ந்து, கடைசியில் ஆளைக் கூப்பிட்ட கதைகளும் நிறையக் கேட்டிருக்கிறேன். அவற்றில் முக்கால்வாசியில் பிழை திசையில் இல்லை, கம்பத்தில்தான் இருந்தது. ஏன் என்பதற்கு நம்முடைய ஊரின் இடம்தான் காரணம். அதை முதலில் சொல்லிவிட்டுச் சாமான் வாங்கப் போகலாம்.

எங்கே பார்ப்பது

ரீவி சற்றலைற்றுகள் எல்லாம் பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. அதனால் எங்களுக்கு அவை வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். யாழ்ப்பாண நகரம் வட அகலக்கோடு 9.66 பாகையில், கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கிறது. பூமத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால், இந்திய சற்றலைற்றுகள் எங்களுக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேதான்.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் சற்றலைற்றை எடுக்கிறேன். இந்தியாவின் பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் அங்கிருந்துதான் வருகிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15 அதைச் சுமக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது, அட்டை கிடையாது. முன்னர் பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் இதில் கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவை ஹிந்தி அலைவரிசைகள். பெரிய தமிழ் சீரியல்கள் எல்லாம் கட்டணப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நம்பி இதைப் பூட்டினால் மாமியிடம் பேச்சு வாங்குவீர்கள். முதலே சொல்லிவிட்டேன்.

இந்தியாவின் கட்டண இணைப்புகள் அந்த நாட்டுக்குள் பார்ப்பதற்கென்று வழங்கப்படுபவை. அவற்றை இங்கே எடுப்பதைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை. இலங்கைக் கட்டணச் சேவையான டயலொக் ரீவி வைத்திருப்பவர்கள் வீடு மாறும்போதோ கூரை மாற்றும்போதோ டிஷ்ஷைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டி வரும். வேலை அதேதான், எண்கள் மட்டும் வேறு. அந்தச் சற்றலைற் 45 பாகை கிழக்கில் நிற்கிறது.

யாழ். நகரத்துக்கு நான் கணக்குப் போட்ட எண்கள் இவை:

93.5 பாகை கிழக்கு: திசை 125 பாகை, உயரம் 70.6 பாகை.
45 பாகை கிழக்கு: திசை 256.5 பாகை, உயரம் 48 பாகை.

திசை என்பது வடக்கைப் பூச்சியமாக வைத்துக் கிழக்குப் பக்கமாக எண்ணிக்கொண்டு போவது. உயரம் என்பது அடிவானத்திலிருந்து மேலே எத்தனை பாகை என்பது. தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று எங்கே இருந்தாலும் இந்த எண்களில் ஒரு பாகைக்கு அங்கே இங்கே வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான்.

மனதில் நிற்க ஒரு வழி: ரவுணில் நின்று கிளிநொச்சியை நோக்கிக் கையை நீட்டினால் அது ஏறத்தாழ 125 பாகை. நயினாதீவை நோக்கி நீட்டினால் ஏறத்தாழ 257. ஆகவே டயலொக் டிஷ் நயினாதீவைப் பார்க்கும், ஃப்ரீ டிஷ் கிளிநொச்சியைப் பார்க்கும். பருத்தித்துறையில் இருப்பவர்கள் இந்த ஊர்ப் பெயர்களை நம்பக் கூடாது, பாகையை மட்டும் பாருங்கள்.

இப்போது கம்பத்துக்கு வருகிறேன். ஒரு பொருள் வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்புவதன் தாக்கம் குறையும். 70 பாகை உயரத்தில், டிஷ்ஷை 3 பாகை சுழற்றினால் அதன் பார்வை வானத்தில் 1 பாகைதான் நகரும். திசையில் கொஞ்சம் பிழைத்தாலும் மன்னிப்பு உண்டு. உயரத்துக்கு அந்த மன்னிப்பு இல்லை. 80 செ.மீ. டிஷ் ஒன்றின் பார்வை அகலமே இரண்டு பாகையைக் கொஞ்சம் தாண்டும். கம்பம் ஒரு பக்கமாக 2 பாகை சரிந்து நின்றால், நீங்கள் பிராக்கெற்றில் சரியாக வைத்த உயரம் டிஷ்ஷைச் சுழற்றச் சுழற்ற ஏறி இறங்கும். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு விடயத்தைத் தேட வேண்டி வரும். தூக்காக, அதாவது நேர்செங்குத்தாக, நிற்கும் கம்பத்தில் ஒன்றை மட்டும் தேடினால் போதும்.

இடம் பார்த்தல்

வளவில் பனை நிற்கிறதே, தென்னை நிற்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. 93.5க்கு, 10 மீற்றர் தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 28 மீற்றர் உயரமாக இருந்தால்தான் மறைக்கும். 20 மீற்றர் பனை ஒன்றிலிருந்து 7, 8 மீற்றர் விலகினால் போதும், ஓலை விரிவுக்கு இன்னும் இரண்டு மூன்று மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். 45 பாகைக்காரர் அவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் இல்லை. மேற்குப் பக்கம் 10 மீற்றரில் நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 11 மீற்றர் உயர்ந்தாலே அலைவரிசை போய்விடும். மரங்கள் வளரும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்றைக்கு வடலியாக நிற்பது பிறகு பனை.

எங்கே பூட்டுவது என்பதில் என் விருப்ப வரிசை இது. முதல் தெரிவு முற்றத்தில் நிலத்தில் நட்ட கம்பம். டிஷ் தலைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் ஏணி தேவைப்படாது, பிறகு எல்.என்.பி (டிஷ்ஷின் கை நுனியில் இருந்து அலையை வாங்கும் கருவி) பழுதானாலும் நின்றபடியே மாற்றலாம். சற்றலைற் உச்சியில் நிற்கிற ஊரில் டிஷ்ஷைக் கூரைக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்பது சும்மா பழக்கம். எண்பதுகளில் தூரதர்ஷன் பிடிக்க உயரக் குழாயில் அன்ரனா கட்டிய காலத்து ஞாபகம் அது. அப்போது அலை அடிவானத்தில் இருந்து வந்தது, உயரம் வேண்டியிருந்தது. இப்போது மேலிருந்து கொட்டுகிறது.

இரண்டாவது தெரிவு கொங்கிறீற் கூரை. மூன்றாவது சுவர், அதுவும் நல்ல சீமெந்துச் சுவராக இருந்தால். புளொக் கல்லின் பொள்ளலுக்குள் போல்ற் அடித்தால் பிடிக்காது, கொங்கிறீற் பீம் ஓடும் இடத்தைப் பார்த்து அடியுங்கள். ஓட்டுக் கூரையிலும் அஸ்பெஸ்ரஸ் சீற்றிலும் பூட்டவே வேண்டாம். சீற்றின் மேல் கால் வைப்பதும் ஆபத்து, துளை போடுவதும் ஆபத்து. உடைந்தால் கீழே விழுவீர்கள், தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு.

மின்சார வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னர் பாருங்கள். கம்பமோ ஏணியோ சரிந்து விழுந்தாலும் வயரைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். தொடும் என்றால் அந்த இடம் சரிவராது, வேறு இடம் தேடுங்கள்.

சாமான்

டிஷ் 75 அல்லது 80 செ.மீ. ஒவ்செற் வகை (எல்.என்.பி டிஷ்ஷின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்பது) எடுங்கள். 60 செ.மீ.யிலும் படம் வரும். கார்த்திகை மழையில் போய்விடும். இரும்பு டிஷ் என்றால் பெயின்ற் உரிந்திருக்கிறதா என்று விளிம்பைத் தடவிப் பாருங்கள். கடற்காற்று எங்களை விட்டுத் தூரத்தில் இல்லை, ஒரு கீறல் போதும் கறள் பிடிக்க.

எல்.என்.பி யுனிவேர்சல் வகை, ஒற்றை வாய். ரீவியோடு பூட்டும் பெட்டி எம்பெக்-4 வகை ஒளிபரப்பை எடுக்கக் கூடியதாக இருக்கட்டும். கேபிள் ஆர்.ஜி-6. நடுக் கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய இரும்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பும் வேலை செய்யும், ஆனால் உப்புக் காற்றில் வெட்டு முனை கெதியில் கறுத்துவிடும். 30 மீற்றருக்குள் இருந்தால் நீளத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். நடுவில் இணைப்புப் போட வேண்டாம், ஒரே துண்டாக வாங்குங்கள்.

எஃப் கனெக்ரர் நாலு (இரண்டு போதும், இரண்டு பழுதாக்குவீர்கள்). கம்பத்துக்கு ஜீ.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்கப் போகும்போது டிஷ்ஷின் பின் கிளாம்பைக் கையில் கொண்டு போங்கள். ஒன்றரை அங்குலக் கிளாம்புக்கு இரண்டு அங்குலக் குழாய் வாங்கிக்கொண்டு வந்து முழிப்பது வழக்கமான விடயம். இவற்றோடு ஸ்பனர், கத்தி, மல்ரிமீற்றர், தானே ஒட்டிப் பிடிக்கும் றப்பர் நாடா, கொஞ்சம் கிறீஸ். மேசன்மார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று இரவல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டினால் அதுவே தூக்குக்குண்டு.

கம்பம் நடுதல்

நிலத்தில் என்றால் இரண்டு அடி ஆழம், ஒரு அடி அகலம். வலிகாமப் பக்கம் ஒரு அடி தோண்டும் முன்னரே சுண்ணக்கல் வந்து அலவாங்கைத் திருப்பி அனுப்பும். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள். கல்லைக் கொத்தி எடுத்த குழி அசையாது, ஒன்றரை அடி போதும். குழாயின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டை ஒட்டி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றில் குழாய் கொங்கிறீற்றுக்குள்ளேயே சுழலும். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலக் கல் நாலு என்ற கலவை.

ஊற்றிய உடனேயே தூக்குப் பாருங்கள். வடக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை, கிழக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மற்றப் பக்கச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. நூலுக்கும் குழாய்க்கும் இடையிலான வெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு மீற்றர் குழாயில் 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலே அது ஒரு பாகைக்கு மேல். சரியானதும் மூன்று பக்கம் கதியால் முட்டுக் கொடுத்து, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். கம்பத்தின் வாயை மூட மறக்க வேண்டாம், திறந்த குழாய் என்றால் குளவிக்கு மாளிகை.

கொங்கிறீற் கூரை என்றால் தட்டோடு கூடிய நிறுத்தி ஒன்றை நாலு 10 மி.மீ. அங்கர் போல்ற்றால் இறுக்குங்கள். தளம் நீர் வடிய ஒரு பக்கம் சரிவாக இருக்கும் என்பதால் தட்டு மட்டமாக இருக்காது. வாஷர் வைத்துத் தூக்குப் பார்த்துச் சரிசெய்த பிறகே கடைசி இறுக்கு. போல்ற் ஓட்டைகளைச் சீமெந்துப் பாலால் மூடாவிட்டால் மாரியில் கீழ் அறைச் சிலிங்கில் வட்டம் வட்டமாகத் தெரியும்.

டிஷ்ஷைக் கோணத்தில் வைத்தல்

ஒவ்செற் டிஷ் தான் பார்க்கும் திசையை முகத்தில் காட்டாது. முகம் பார்ப்பதைவிட உயரமான இடத்தைத்தான் அது உண்மையில் பார்க்கிறது. எவ்வளவு உயரம் என்பதை டிஷ்ஷின் அளவே சொல்லும். அகலத்தை உயரத்தால் பிரித்து, தொலைபேசிக் கணிப்பானில் அதன் நேர்மாறு கோசைன் (cos⁻¹) பாருங்கள். அகலம் 80 செ.மீ., உயரம் 88 செ.மீ. என்றால் 24.6 பாகை. சற்றலைற்றின் 70.6இலிருந்து இதைக் கழித்தால் 46. ஆகவே டிஷ்ஷின் முகம் நேர்செங்குத்திலிருந்து 46 பாகை பின்னுக்குச் சரிந்து, பாதி படுத்தமாதிரி நிற்க வேண்டும். அயலில் மேற்குப் பார்த்து நிற்கும் டிஷ்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிழையாகத்தான் தோன்றும். பிழையில்லை.

பிராக்கெற்றில் அடித்திருக்கும் பாகைக் கோடுகளை நம்ப வேண்டாம். நேரான பலகை ஒன்றை டிஷ்ஷின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்குச் சாய்த்து வைத்து, அதன் மேல் தொலைபேசியை வைத்துச் சரிவு பார்க்கும் செயலியில் அளவுங்கள். கிடையிலிருந்து 44 காட்டினால் சரி. உயர நட்டுகளைக் கையால் திருப்ப முடியாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

திசைக்குத் தொலைபேசிக் கொம்பாஸ் போதும். எங்கள் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஓரிரண்டு பாகைதான் வித்தியாசம், அதை விட்டுவிடலாம். ஆனால் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்தால் கொம்பாஸ் பைத்தியம் பிடித்து ஆடும். மூன்று மீற்றர் தள்ளி நின்று 125 பாகையில் தெரியும் ஒரு மரத்தையோ சுவர் மூலையையோ குறித்துக்கொண்டு, டிஷ்ஷின் கையை அதை நோக்கித் திருப்புங்கள்.

எல்.என்.பியின் முறுக்கு

உதவிக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பலர் எல்.என்.பியைக் கேபிள் வாய் நேர் கீழே பார்க்கும்படி வைத்திருப்பார்கள். டில்லியில் அது பெரிதாகப் பாதிக்காமல் இருக்கலாம். இங்கே பாதிக்கும். அலைகள் நிலைக்குத்து, கிடை என்று இரண்டு நிலையில் வருகின்றன, அந்த நிலை பூமத்திய கோட்டைச் சார்ந்தது. நாங்கள் அந்தக் கோட்டுக்குக் கிட்ட இருந்துகொண்டு பக்கவாட்டில் பார்ப்பதால் எங்கள் கண்ணுக்கு அது வெகுவாகச் சரிந்து தெரிகிறது. 93.5க்குக் கணக்கின்படி சரிவு 50 பாகையைத் தாண்டுகிறது.

டிஷ்ஷின் முன்னால் நின்று டிஷ்ஷைப் பார்த்தபடி, எல்.என்.பியை மணிக்கூட்டு முள் போகும் பக்கமாகத் திருப்புங்கள். கீழே 6ஐப் பார்த்த கேபிள் வாய் 7க்கும் 8க்கும் இடையில் வந்து நிற்கட்டும். அது தொடக்க இடம் மட்டுமே. சரியான இடத்தைப் பிறகு பெட்டி திரையில் காட்டும் குவாலிற்றி எண் சொல்லும்.

கேபிள் முனை

இந்த அரை அங்குல வேலையில்தான் பாதிப் பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. வெளித் தோலை ஒன்றரை செ.மீ. உரியுங்கள். உள்ளே வலைக் கம்பி தெரியும், அதைப் பின்னுக்கு மடித்து விடுங்கள். பிறகு வெள்ளை உறையை 7 மி.மீ. வெட்டி நடுக் கம்பியை வெளியே எடுங்கள். வெட்டும்போது கத்தி கம்பியில் கீறக் கூடாது. கனெக்ரரைத் திருகி ஏற்றிய பிறகு வாய்க்குள் பாருங்கள். வலையின் ஒரு மயிர்க் கம்பி நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சோட் ஆகிவிடும். நடுக் கம்பி கனெக்ரர் விளிம்புக்கு வெளியே 2, 3 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்பது அளவு.

பெட்டியை மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டே கேபிளைப் பூட்டுங்கள். எல்.என்.பிக்கு வேண்டிய மின்சாரம் இந்தக் கேபிளால்தான் மேலே போகிறது: நிலைக்குத்துக்கு 13 வோல்ற், கிடைக்கு 18. ஒன்றுமே வராவிட்டால் மேல் முனையைக் கழற்றி மல்ரிமீற்றர் வையுங்கள். 13 அளவில் காட்டினால் கேபிள் நல்லது, பழுது எல்.என்.பியில் அல்லது டிஷ் பார்க்கும் இடத்தில்.

தேடுதல்

சின்ன ரீவி ஒன்றையும் பெட்டியையும் கம்பத்தடிக்கே கொண்டு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் ஒருவர், கூரையில் ஒருவர் என்று நடக்கும் கூத்து இப்படித்தான் இருக்கும்:

"எவ்வளவு காட்டுது?"

"நாப்பத்தஞ்சு... அம்பது... அண்ணை நில்லுங்கோ நில்லுங்கோ!"

"நிக்கிறன். இப்ப?"

"போட்டுது."

பெட்டியில் எல்.என்.பி வகை யுனிவேர்சல் (9750/10600) என்று போடுங்கள். 22 கிலோஹேட்ஸ் ஓட்டோ. அலையெண் 11090, நிலைக்குத்து, சிம்பல் றேற் 29500. திரையில் இரண்டு பட்டை வரும். ஸ்ரெங்த் என்பதை மறந்துவிடுங்கள். கேபிள் பூட்டினாலே அது ஏறி நிற்கும், டிஷ் கிணத்தடியைப் பார்த்தாலும் நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிற்றி ஒன்றைத்தான்.

டிஷ்ஷை 110 பாகைப் பக்கம் திருப்பி, அங்கிருந்து தெற்குப் பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். விளிம்பில் ஒரு செ.மீ. நகர்த்தினால் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை. நகர்த்தி, மூன்று செக்கன் நின்று பார்த்து, பிறகு அடுத்தது. பெட்டி கண்டுபிடிக்க அந்த நேரம் வேண்டும். அவசரப்படுகிறவன் சற்றலைற்றை நாலு தரம் தாண்டிப் போவான். 140 வரை போயும் ஒன்றும் வராவிட்டால் உயரத்தை ஒரு பாகை ஏற்றித் திரும்பி வாருங்கள். பிறகு ஒரு பாகை இறக்கி இன்னொரு தடவை. தேடும்போது டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கக் கூடாது, உங்கள் தலையே மறைக்கும்.

குவாலிற்றி துள்ளியதும் கையை எடுங்கள். இருபக்கமும் 91.5 பாகையிலும் 95 பாகையிலும் வேறு சற்றலைற்றுகள் நிற்கின்றன, எனவே அலைவரிசைகளைத் தேடச் சொல்லி டிடி பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வருவதெல்லாம் படம் திறக்காத கட்டண அலைவரிசை என்றால் நீங்கள் பக்கத்து வீட்டில் நிற்கிறீர்கள்.

சரியான இடம் என்றால் இனி மெருகு. திசை, உயரம், எல்.என்.பி முறுக்கு என்ற ஒழுங்கில், ஒவ்வொன்றிலும் உச்சத்தைத் தாண்டிப் போய் மறுபக்கம் குறைவதைப் பார்த்து, நடுவுக்குத் திரும்புங்கள். கடைசியாக நட்டுகளை இறுக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக இறுக்காமல் மாறி மாறிக் கால் சுற்று. இறுக்குகிற இறுக்கிலேயே டிஷ் ஒரு பாகை தலை குனியும். இறுக்கி முடித்ததும் டிஷ்ஷின் மேல் விளிம்பை விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், பிறகு முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் குவாலிற்றி ஒரே அளவு குறைந்தால் நீங்கள் உச்சத்தில் நிற்கிறீர்கள். தள்ளும்போது கூடினால் இன்னும் வேலை இருக்கிறது.

சரியானதும் கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு பெயின்ற் கோடு இழுத்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு அந்தக் கோடு பொருந்தி நின்றால் டிஷ் நகரவில்லை என்று அர்த்தம். 2020 டிசம்பரில் புரெவி வந்துபோனபோது என்னை அந்தக் கோடு ஒரு நாள் வேலையிலிருந்து காப்பாற்றியது.

மழை, மின்னல், அணில்

கனெக்ரருக்குள் கொஞ்சம் கிறீஸ், வெளியே றப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் நாடா எங்கள் வெயிலில் ஒரு கோடை தாங்காது. கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒரு வளையம் தொங்கவிட்டு, சுவர்த் துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடுங்கள். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டும், கேபிளைப் பிடித்துக்கொண்டு ரீவிக்குப் பின்னால் வராது. வெளியில் ஓடும் கேபிளை முடியுமானால் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். அணில் கடித்த கேபிளை மாற்றியவனுக்குத்தான் அந்தக் குழாயின் அருமை தெரியும்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடை மழை கொட்டும்போது படம் போவது பழுது இல்லை. இந்த அலைகளைத் தடித்த மழை உறிஞ்சும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். மழை விட்டும் வராவிட்டால்தான் கனெக்ரருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்னல் வேறு கதை. இடி முழக்கம் கேட்டால் பெட்டியின் மின் செருகியோடு அன்ரனாக் கேபிளையும் கழற்றி விடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. பங்குனி, சித்திரைப் பின்னேரங்களில் இருட்டிக்கொண்டு வந்தால் கூரையில் நிற்கவே கூடாது. இரும்புக் கம்பத்தை நிலத்தோடு எர்த் பண்ணும் வேலையை எலெக்ரீசியனிடம் விடுங்கள். கல் நிலத்தில் எர்த் கம்பி இறக்குவது அனுபவம் உள்ளவரின் வேலை, அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் 16ஐயும் செப்டெம்பர் 27ஐயும் ஒட்டிய சில நாட்களில், காலை 11 மணிபோல படம் சில நிமிடம் போய்விடும். வானம் நீலமாக இருக்கும், காற்றும் இருக்காது, நேற்றும் அதே நேரம் போயிருக்கும். ஸ்பனரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சூரியன் சற்றலைற்றுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் அலை மூழ்கிவிடுகிறது. முற்றத்துக்கு வந்து டிஷ்ஷைப் பாருங்கள். சரியாகப் பூட்டியிருந்தால், டிஷ்ஷில் பட்ட வெயில் குவிந்து எல்.என்.பியின் மூடியில் மங்கலான வெளிச்சப் பொட்டு ஒன்று விழுந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு உள்ளே போங்கள், படம் வந்திருக்கும்.